கோப்பியின் வலது காது: ஒரு தொங்குகாது முயலின் நான்கு மாத நிகழ்வு ஆய்வு

முயல் சாப்பிடவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பல்லைப் பற்றிக் கேட்பேன், அடுத்து வயிற்றைப் பற்றி. காது மூன்றாவதாகத்தான் வரும். கோப்பியைப் பார்த்த பிறகு அந்த வரிசையை மாற்றிவிட்டேன், குறிப்பாகத் தொங்கு காது முயல்களுக்கு.

மலேசியாவின் பினாங்கில் ஒரு சின்ன கிளினிக்கில் நாய், பூனைகளோடு முயல்களையும் பார்க்கிறேன். கோப்பியின் வீட்டுக்காரர்கள் அனுமதி கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன், அவர்கள் பெயர்களை விட்டுவிட்டேன். தமிழில் முயல் வளர்ப்பவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், காதுக்கு என்ன ட்ராப்ஸ் போடலாம்?" அதற்கு என் பதில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை எதையும் போடாதீர்கள் என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது இந்த ஒரு முயலின் கதையிலேயே இருக்கிறது.

வந்த நாள்

கோப்பி ஹாலந்து லாப் வகை, பெண், வயது 3, கருத்தடை ஆனது. நிறம் பெயரிலேயே இருக்கிறது. ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடி வீட்டில் 11ஆம் மாடியில் அம்மா, பள்ளி இறுதி ஆண்டான ஐந்தாம் படிவம் படிக்கும் மகள், பாட்டி, இவர்களோடு வளர்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நல்ல மழையில், துண்டு போர்த்திய கூடையோடு மூவருமே வந்தார்கள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பாடு இல்லை, புழுக்கை சின்னதாகிவிட்டது, எண்ணிக்கையும் குறைவு.

"உடம்பு சூடு தம்பி, அதான் சாப்பிட மாட்டேங்குது" என்றார் பாட்டி. சூடு என்று நினைத்ததில் தப்பில்லை, அந்த வாரம் மழைக்கு முன்னால் பினாங்கு கொதித்துக்கொண்டுதான் இருந்தது, 30 டிகிரியைத் தாண்டினால் முயல் உண்மையிலேயே தவிக்கும். ஆனால் மகள் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோ வேறு ஒன்றைச் சொன்னது. கங்கோங் இலையைக் கோப்பி மெல்லத் தின்றது. டிமோத்தி புல்லை வாயில் எடுத்தது, இரண்டு தடவை மென்றது, அப்புறம் கீழே போட்டுவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. சரி, கடைவாய்ப் பல்தான் என்று நானும் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

காதைச் சொறிகிறதா என்று கேட்டதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதமாகவே பின்னங்காலால் வலது காதைச் சொறிந்து, தலையை உதறிக்கொண்டிருந்திருக்கிறது. விலங்குக் கடை ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் பார்க்காமலேயே பூச்சி என்று சொல்லி ஒரு சொட்டு மருந்தை விற்றிருக்கிறார்கள். ஒரு புட்டி தீர்ந்தும் சரியாகவில்லை. அதன் பிறகு பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக ஆறவைத்து, ஒரு வாரம் இரண்டு இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். "எம் புள்ளைங்களுக்கெல்லாம் அதானே போட்டேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் அவரைத் திட்டவில்லை, திட்டவும் கூடாது. நம் வீடுகளில் காது வலி என்றால் கை தானாகப் போவது அந்த எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். ஆனால் முயலின் காதில் எண்ணெய் விட்டால் என்ன ஆகிறது என்பதை அவருக்கு விளக்கினேன். முயலின் காதுக் குழாய் நீளமானது, செங்குத்தாக இறங்கி உள்ளே திரும்புகிறது, உள்ளே போன எண்ணெய்க்கு வெளியே வர வழியில்லை. ஏற்கெனவே இருக்கும் குறும்பியோடும் சீழோடும் அது கலந்து களிம்பாகி அடைத்துக்கொள்கிறது. செவிப்பறை கிழிந்திருந்தால் அதற்கும் உள்ளே போய்விடும். அது கிழிந்திருக்கிறதா என்று பார்க்கப் போகும் எனக்கும் அந்தக் களிம்புதான் தெரியும்.

மேசையில்

முயலை நான் எடுத்த எடுப்பில் தொடுவதில்லை. மேசைக்கு எதிரே குனிந்து, அதன் கண் மட்டத்துக்கு என் கண்ணைக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் முகத்தை மட்டும் பார்ப்பேன். கோப்பியின் இரண்டு கண்களும் ஒரே கோட்டில் இல்லை. வலது கண் கொஞ்சம் கீழே, ஒரு பத்து டிகிரி சாய்வு இருக்கும். மூக்கு துடிக்கும்போது இடது மீசை மயிர்கள் சுறுசுறுப்பாக அசைந்தன, வலது பக்கம் சோம்பலாகப் பின்தொடர்ந்தது. விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனால் இடது இமை உடனே மூடியது, வலது இமை பாதியில் நின்றது, கண்ணோரத்தில் ஈரம். வலது பக்க முக நரம்பு பலவீனமாகியிருக்கிறது. அந்த நரம்பு நடுக்காதை ஒட்டியே போகிறது. பல் என்ற என் முடிவு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

நிமிர்ந்த காது முயலில் காது வலி வந்தால் அந்தப் பக்கத்துக் காது சரிந்து தொங்கும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். தொங்கு காது முயலில் அந்த அடையாளமே கிடையாது, இரண்டு காதும் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் இவர்கள் இரண்டு மாதம் கவனிக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

வலது காதின் அடிப்பகுதியில், தாடைக்குப் பின்னால், சுண்டைக்காய் அளவில் கெட்டியான வீக்கம். லேசாக அழுத்தியதும் உடம்பு மொத்தமும் விறைத்துக்கொண்டது, பல்லை நறநறவென்று கடித்தது. முயல் வலியில் பெரும்பாலும் கத்தாது, அந்தப் பல் கடிக்கும் சத்தம்தான் அதன் முனகல். காதைத் தூக்கினால் வாடை, நாட்பட்ட வெண்ணெயும் பூண்டும் கலந்தாற்போல. எடை 1.62 கிலோ, மூன்று மாதம் முன்பு நகம் வெட்ட வந்தபோது 1.85. வெப்பநிலை 39.2, அது முயலுக்கு இயல்புதான், 38.5 முதல் 40 வரை சாதாரணம். காய்ச்சல் இல்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

காதுக்குள் பார்க்கும் கருவியான ஆட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, வாசலுக்கு அருகே ஒரு குருட்டுப் பை தெரிந்தது, அது எல்லா முயலுக்கும் உள்ளது, புதிதாகப் பார்ப்பவர்கள் அதையே காதுக் குழாய் என்று நினைத்து ஏமாறுவதுண்டு. அதைத் தாண்டிப் போனால் குழாய் முழுக்க வெள்ளை அடைப்பு. செவிப்பறை தெரியவே இல்லை. இடது காதில் குறும்பி நிறைய இருந்தது, ஆனால் வலி இல்லை, சீழ் இல்லை.

காதிலிருந்து எடுத்த துளியை எண்ணெயில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். பூச்சி ஒன்றுகூட இல்லை, முட்டையும் இல்லை. சாயம் போட்ட கண்ணாடித் துண்டில் வெள்ளை அணுக்கள் குவியல் குவியலாக, இடையே உருண்டை பாக்டீரியாவும் கோல் வடிவ பாக்டீரியாவும். ஈஸ்ட் இல்லை.

பூச்சியாக இருந்தால் காட்சியே வேறு. காது மடலின் உள்பக்கம் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகக் காய்ந்து, கையில் நொறுங்கும். அதைப் பிய்க்கவே கூடாது, அடியில் தோல் ரத்தமாக இருக்கும், முயலுக்கு உயிர் போகிற வலி. ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் மருந்தை மருத்துவர் கொடுத்தால் பொருக்கு தானே உதிர்ந்துவிடும், அந்தப் பூச்சியின் வாழ்க்கைச் சுற்று ஏறத்தாழ மூன்று வாரம் என்பதால் ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பவும் கொடுக்க வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: நாய், பூனைக்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்துகளில் ஃபிப்ரோனில் கலந்தவற்றை முயலுக்குப் போட்டால் வலிப்பு வந்து செத்துப்போகலாம். பூச்சி என்றால் ஏதோ ஒரு பூச்சி மருந்து என்று நினைக்காதீர்கள்.

வெளிக்காதா, நடுக்காதா, மூளையா

தலைச் சாய்வு என்றதும் முயல்காரர்கள் நடுங்குவது என்செஃபாலிடோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிருக்கு. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் அந்த நோய்க்கு ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 28 நாள் கொடுப்பது வழக்கம். சாய்வைப் பார்த்ததும் அதைத் தொடங்கிவிடும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணமும் எனக்குப் புரிகிறது, காத்திருந்தால் மூளை சேதமாகலாம். நான் தொடங்கவில்லை. சாய்வும், முக நரம்புத் தளர்ச்சியும், வீக்கமும், சீழும் ஒரே பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும்போது காரணம் காதுதான். அதோடு ஃபென்பெண்டசோல் சில முயல்களில் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிறது, எடை இறங்கிய ஒரு முயலுக்கு "இருக்கட்டும்" என்று கொடுக்கிற மருந்து அல்ல அது. ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பினேன். எதிர்ப்பொருள் இருந்தால்கூட அது என்றைக்கோ அந்தக் கிருமியைச் சந்தித்ததைத்தான் காட்டும், நோயில்லாத எத்தனையோ முயல்களில் அது இருக்கிறது. இல்லையென்றால்தான் நமக்குப் பயன் அதிகம். கோப்பிக்கு இல்லை என்றே வந்தது.

மறுநாள் மயக்க மருந்து கொடுத்துத் தலை எக்ஸ்ரே எடுத்தோம். நடுக்காதைச் சூழ்ந்து இரண்டு பக்கமும் மெல்லிய எலும்புக் குமிழ் இருக்கும், உள்ளே காற்றுதான், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். இடது குமிழ் கறுப்பு. வலது குமிழ் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது, சுவர் தடித்திருந்தது. எக்ஸ்ரேயில் இயல்பாகத் தெரிந்தாலும் குமிழுக்குள் சீழ் இருக்கலாம், அதற்கு சிடி ஸ்கேன்தான் சரியான வழி என்று அம்மாவிடம் சொன்னேன். செலவைக் கேட்டுவிட்டு முதலில் மருந்தில் பார்ப்போம் என்றார். அதுவும் நியாயமான முடிவுதான்.

வாயையும் அப்போதே முழுதாகப் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்றில் லேசான முனை, நாக்கில் காயம் எதுவும் இல்லை. மெல்ல முடியாததற்கு அது காரணமில்லை. தாடை மூட்டு அந்த எலும்புக் குமிழுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, புல்லை அரைக்கத் தாடை பக்கவாட்டில் போகும்போதெல்லாம் வீங்கிய இடத்தில் இடிக்கிறது. இலை மென்மை என்பதால் சமாளித்திருக்கிறது.

தொங்கு காதுகளுக்கு ஏன் இவ்வளவு தொல்லை என்று மகள் கேட்டாள். மடங்கிய இடத்தில் குருத்தெலும்பு வளையங்களுக்கு இடையே ஓர் இடைவெளி விழுகிறது, குழாய் அங்கே நசுங்குகிறது, குறும்பி மேலே ஏறி வெளியேற முடியாமல் தேங்குகிறது. 2019இல் பிரிட்டனில் ஒரு காப்பகத்து முயல்களில் 15 தொங்கு காது, 15 நிமிர்ந்த காது என்று ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தொங்கு காது முயல்களில் குழாய் குறுகலாக இருந்ததும், குறும்பி கூடுதலாக இருந்ததும், காதைத் தொட்டால் வலிப்பதும், பல் கோளாறும் அதிகம் என்று அதில் தெரியவந்தது. நாம் அழகு என்று தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவம் அதன் காதை அடைக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான், என் கிளினிக்குக்கு வரும் முயல்களில் பாதிக்கு மேல் தொங்கு காதுதான்.

கழுவுவது

கோப்பி வந்த அன்றே காதைக் கழுவவில்லை. அதற்கு முன்னால் வலி மருந்து, தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன் (மருத்துவ உப்பு நீர்), ஊசிக்குழலில் உணவு. சாப்பிடாத முயலின் குடல் நின்றுவிடும், காது அதைக் கொல்வதற்கு முன் குடல் கொன்றுவிடும். வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தேன். நாய் மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் அளவு முயலுக்குப் போதவே போதாது, மருத்துவர் கணக்குப் போட்டுத் தரவேண்டும். அதேபோல், மயக்க மருந்துக்கு முன் பட்டினி போட வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். முயலால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு காலியானால்தான் ஆபத்து.

இரண்டாம் நாள் எக்ஸ்ரே முடிந்த கையோடு கழுவினோம், 50 நிமிடம் ஆயிற்று. முயலின் சீழ் நம் சீழ்போல் வடியாது. சீழை நீர்க்கச் செய்யும் நொதிகள் அதன் வெள்ளை அணுக்களில் குறைவு, அதனால் அது பல் பசைபோலக் கெட்டியாக இருக்கும். கட்டியை ஊசியால் குத்தி வடியவிடலாம் என்பது முயலிடம் நடக்காத காரியம், மேலே இரண்டு சொட்டு மருந்து விட்டால் அது சீழின் முதல் அடுக்கைக்கூடத் தாண்டாது. காய்ந்துபோன இட்லி மாவுப் பாத்திரத்தை எப்படிக் கழுவுவோம்? ஊற்று, ஊறவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடு. அதேதான். மெல்லிய குழாயை விட்டு, உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய சலைனைச் செலுத்தி, உறிஞ்சி எடுத்து, மறுபடியும் செலுத்தி. தண்ணீர் குளிர்ந்திருந்தால் உட்காது குழம்பிக் கருவிழி துடிக்க ஆரம்பித்துவிடும், அதனால் நர்ஸ் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தில் ஊசிக்குழல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். முதலில் வந்தது மஞ்சள் எண்ணெய்ப் படலம், அப்புறம் வெள்ளைக் கட்டிகள், கடைசியாக விரல் நுனி நீளத்துக்கு ஒரு முழு அடைப்பு, காதுக் குழாயின் அச்சாகவே வெளியே வந்தது. செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

ஓட்டை என்றால் மருந்துத் தேர்வு மாறிவிடுகிறது. கடைகளில் கிடைக்கும் காது சுத்தம் செய்யும் திரவங்கள், ஜென்டமைசின் கலந்த சொட்டு மருந்துகள், இவையெல்லாம் உட்காதைக் கெடுக்கக்கூடியவை. ஸ்டீராய்டு கலந்தவற்றையும் முயலுக்கு நான் தொடுவதில்லை, முயலின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு சீக்கிரம் அமுக்கிவிடும், நாய்க்கு வாங்கிய காது மருந்து மிச்சம் இருக்கிறது என்று எடுத்து ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஊற்றுவது இதைத்தான். கோப்பிக்குச் சிப்ரோஃபிளாக்சசின் கண் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். "கண் மருந்தைக் காதுக்கா டாக்டர்?" என்று அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கே பாதுகாப்பாகச் செய்தது கிழிந்த செவிப்பறைக்கும் தோதானது, அவ்வளவுதான். சரியாக மூடாத வலது கண்ணுக்குத் தனியாக ஈரப்பசைக் களிம்பு. வாய் வழியாக என்ரோஃப்ளாக்சசின், கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை.

பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது, தரவா என்று கேட்டாராம். நல்லவேளை, என்னிடம் கேட்டார்கள். வாய் வழியாகப் பெனிசிலின் வகை, அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், இவை முயலின் பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும், அந்த இடத்தில் க்ளோஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைக் கக்கும், சில நாளில் கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகும். அதே பெனிசிலினை ஊசியாகப் போட்டால் குடலுக்குத் தொந்தரவு குறைவு, முயல் சீழ்க்கட்டிகளுக்கு அதை நாங்கள் பயன்படுத்துவதுண்டு. எந்த வழியில் போகிறது என்பதில்தான் உயிர் நிற்கிறது.

மூன்றாம் நாள் இரவு 11 மணிக்கு மகளிடமிருந்து வீடியோ. கோப்பியின் தலை பத்து டிகிரியிலிருந்து நாற்பதுக்குப் போய்விட்டது, நடக்கப் போனால் வலது பக்கமாகச் சரிகிறது. அவள் அழுதுகொண்டே பேசினாள். நடுக்காதைக் கழுவிய பிறகு ஓரிரு நாள் சாய்வு கூடுவது நடக்கக்கூடியதுதான், அதை நான் ஒரு வரியில் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். மூவரையும் உட்காரவைத்து, இப்படி ஆகலாம், அப்படி ஆனால் இன்னது செய்யுங்கள் என்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிரவு அவர்களுக்குப் போன தூக்கம் என் தவறு. கூண்டைச் சின்னதாக்கி, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கட்டச் சொன்னேன், தண்ணீர்க் கிண்ணத்தைத் தாழ்வாக வைக்கச் சொன்னேன். நோயுற்ற முயலுக்கான உணவுத் தூளைக் கரைத்து ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லி, நாளுக்கு 5 முறை, தலையை நிமிர்த்திப் பிடித்து, வாயின் பக்கவாட்டில். தூள் கிடைக்காதபோது அதன் வழக்கமான பெல்லட்டையே வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக் கொடுத்தார்கள், அது போதும்.

ஐந்தாம் நாள் காலை வந்த படத்தில் வேறெதுவும் இல்லை. ஒற்றைப் புல் தண்டு, பாதி தின்றது.

திரும்பி வந்தது

ஒன்பதாம் நாள், காதுச் சீழில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தது: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், பாஸ்டூரெல்லா மல்டோசிடா, இரண்டுமே என்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படும். பாஸ்டூரெல்லா முயல்களின் மூக்கில் சாதாரணமாகக் குடியிருப்பது, மூக்கின் பின்புறமிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக ஏறிவிடும். வெளியிலிருந்து அடைப்பு, உள்ளிருந்து கிருமி என்று கோப்பிக்கு இரண்டு பக்கமும் சேர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது கழுவல், மிகக் குறைவாகவே வந்தது. ஐந்தாம் வாரம் எடை 1.74, கண் முழுதாக மூடியது, சாய்வு பழைய பத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் மூச்சுவிட்டோம்.

எட்டாம் வாரம் வீக்கம் மறுபடியும் வந்தது. மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை, பாட்டி தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் இரண்டு கோடு போட்டுவைத்திருந்ததை எனக்கே கொண்டுவந்து காட்டினார். மருந்து போகாததல்ல காரணம். எலும்புக் குமிழுக்குள் இருக்கும் கெட்டிச் சீழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அதன் ஓரத்தைத்தான் தொடும். இந்தக் கட்டத்தில் மருந்தை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள், முயல் மெலிந்துகொண்டே போகும். நான் அறுவை சிகிச்சை என்று சொன்னேன்.

கோலாலம்பூரில் முயல் காது அறுவை செய்து பழகிய மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். ஏறத்தாழ 350 கிலோமீட்டர், வெயிலில் கொண்டுபோகக் கூடாது என்பதால் இரவில் கிளம்பினார்கள். கூடைக்குள் அதன் பழைய துண்டு, அதன் வாசனையோடே, முன்னால் பிடி புல், ஈரமான கீரை. உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, புல் தின்கிறதா, புழுக்கை போட்டிருக்கிறதா என்று பார்த்து எனக்குச் செய்தி அனுப்பினார்கள். பயணத்தில் முயல் பயத்தாலேயே சாப்பிடாமல் போய்விடும், அதனால் அந்த நிறுத்தம் தேவை.

சிடி ஸ்கேனில் வலது குமிழ் முழுக்க அடைப்பு, வெளிச்சுவர் ஓரிடத்தில் தாள்போல் மெலிந்திருந்தது. இடது குமிழின் அடியிலும் கொஞ்சம் நிழல். அறிகுறியே இல்லாமல் அப்படி இருப்பது முயல்களில் அரிதல்ல, அதைத் தொட வேண்டாம் என்று அந்த மருத்துவரும் நானும் பேசி முடிவு செய்தோம். அறுவையில் காதுக் குழாயின் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, குமிழைப் பக்கவாட்டில் திறந்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். புண்ணை முழுதாகத் தைத்து மூடவில்லை. சின்ன வாசல் ஒன்றைத் திறந்தே விட்டார்கள், தினமும் கழுவிக் கழுவி அது உள்ளிருந்து ஆறி மேலே வரவேண்டும். மூடித் தைத்தால் மிஞ்சிய சீழ் மறுபடியும் உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

அந்தக் கழுவலைப் பதினெட்டு நாள் செய்தது பாட்டிதான். மகளுக்கு எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பொதுத்தேர்வுக்கான முன்தேர்வு, அம்மா வேலைக்குப் போகிறார். காலையும் மாலையும் சலைனை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, கோப்பியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, 10 மில்லி ஊசிக்குழலால். முதல் நாள் கை நடுங்கியதால் கிளினிக்குக்கு வந்து என் முன்னால் செய்து காட்டிவிட்டுப் போனார். நான் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை, சின்னக் குழந்தைக்கு மருந்து புகட்டிப் பழகிய கை அது. வலது இமை அறுவைக்குப் பிறகு திரும்பவும் தளர்ந்தது, நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் அது எதிர்பார்த்ததுதான், நான்கு வாரத்தில் பெரும்பாலும் சரியானது.

இப்போது

பதினாறாம் வாரம் எடை 1.86. புழுக்கை பெரிதாக, உருண்டையாக, நிறைய. புல்லை முழுதாக மென்று தின்கிறது. தலை ஐந்து டிகிரி சாய்வாகவே நின்றுவிட்டது, அது இனி மாறாது என்று நினைக்கிறேன். கோப்பி அதற்குப் பழகிவிட்டது, சோபாவில் ஏறுகிறது, இறங்குகிறது. வலது காதில் கேட்காது. ஆன்டிபயாடிக் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கொடுத்து நிறுத்தியாயிற்று.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னேன். வாரத்துக்கு ஒரு முறை சமையல் தராசில் எடை, 50 கிராம் இறங்கினாலே எனக்குச் செய்தி. முகத்தை நேராக வைத்து ஒரு படம், போன வாரப் படத்தோடு ஒப்பிட. காதின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தடவிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று. பஞ்சுக் குச்சியை உள்ளே விடவே கூடாது, அது குறும்பியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும், கண்ணுக்குத் தெரிகிற மடலை மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஈரக் காற்றில் புல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது, மூக்கு அடைந்தால் அடுத்து காது, ஆகவே புல் மூட்டையைத் திறந்தால் காற்று புகாத டப்பாவில். சொறிவது, உதறுவது, ஒரு பக்கக் கண்ணில் நீர், புல்லை எடுத்துக் கீழே போடுவது, இதில் ஏதாவது ஒன்று, இரண்டு நாள் தொடர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பாட்டி இதோடு தன் வழி ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு காதையும் தூக்கி முகர்ந்து பார்க்கிறார். போன மாதம் "இடது காதுல லேசா வாடை மாதிரி இருக்கு தம்பி, வந்து காட்டவா?" என்று கூப்பிட்டார். ஆட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தேன், குறும்பி மட்டும்தான், செவிப்பறை பளிச்சென்று தெரிந்தது. இருந்தாலும் கழுவி எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் காதையும் பார்ப்பதாக முடிவு செய்தோம். அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டார்.